ஆவி எங்கே போச்சு?

அக்கா மகள் போனை நீட்டினாள். மதுரை யானைக்கல் பக்கம் ஒரு டீக்கடை. மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி டீ ஆற்றுகிறார். மேலே குவளை, கீழே கண்ணாடி டம்ளர், நடுவில் பழுப்புக் கயிறு மாதிரி டீ இறங்குகிறது. இதற்காகவே விடியற்காலை எழுந்து போய் ஏழு மணி வெயிலில் எடுத்திருக்கிறாள். படம் எடுக்கப் பழக ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"எடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு மாமா. எடிட் பண்ணதும் என்னமோ மாதிரி ஆயிருச்சு. இன்னும் என்ன எஃபெக்ட் போட்டா சரியா வரும்?"

ஓரத்தில் தெரிந்த துளி வானம் ஊதா கலந்த நீலமாகியிருந்தது. மாஸ்டரின் கன்னத்தில் கரி பூசியதுபோல் திட்டுத் திட்டாக நிழல். கடைக்குள்ளே இருட்டில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டுகள், பொறை டப்பா, காலண்டர் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து வரிசை கட்டி நின்றன. ஹெச்.டி.ஆர். எஃபெக்டை முழுசாக ஏற்றிவிட்டு அதற்கு மேல் கலரையும் கூட்டியிருக்கிறாள்.

"ஆவி எங்க தாயி போச்சு?" என்று கேட்டேன்.

ஒரிஜினலைத் திறந்தாள். அதில் இருந்தது. டம்ளர் வாயிலிருந்து கிளம்பி மாஸ்டரின் முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணி நூல் பிரிந்தாற்போல் ஏறியிருந்தது. அந்தப் படத்தின் உயிரே அதுதான். அவளும் அதைப் பார்த்துத்தான் கிளிக் செய்திருக்கிறாள். எடிட் செய்யும்போது மறந்துவிட்டாள்.

அக்கா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு டம்ளர் தீர்வதற்குள் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று டம்ளர் ஆனது.

முதலில் அந்த ஆவி. ஆவி என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நீர்த்துளிகளின் கூட்டம். வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டுப் பின்புறத்திலிருந்தோ வந்தால், துளிகள் அதை நம் பக்கம் சிதறடிக்கும். ஆவி பளிச்சென்று மினுங்கும். ஆனால் அது தெரிய வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு ஆவி பறந்தாலும் படத்தில் விழாது. அன்று இவளுக்கு இரண்டும் அமைந்திருந்தன. சந்துக்குள்ளிருந்து காலை வெயில் சாய்வாக வந்தது. பின்னால் கடையின் உள்பக்கம் இருட்டு. ஹெச்.டி.ஆர். எஃபெக்ட் செய்வது என்ன? இருட்டாக இருப்பதைத் தூக்கிவிடும், வெளிச்சமாக இருப்பதை அமுக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும். இருட்டு சாம்பலானது, ஆவியும் சாம்பல் நிறத்துக்கு இறங்கியது, சாம்பலோடு சாம்பல் கரைந்துவிட்டது.

அந்த எஃபெக்டைக் குறை சொல்லவில்லை. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே இருட்டு மண்டபம், இரண்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றால் அது உதவும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டேன். "டீ மாஸ்டரை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல மாமா, டீ இறங்குறதை. அந்த ஆவியை" என்றாள். அந்தத் திருத்தம் வந்ததும் பாதி வேலை முடிந்தது. இனி படத்தில் உள்ள ஒவ்வொன்றையும், நீ இதற்கு உதவுகிறாயா, இடைஞ்சலாக இருக்கிறாயா என்று விசாரித்தால் போதும்.

விசாரித்தோம். வலது மேல் மூலையில் பக்கத்து மொபைல் கடையின் மஞ்சள் போர்டு. இடது கீழே பச்சை பிளாஸ்டிக் வாளி. மாஸ்டருக்குப் பின்னால் பேப்பர் படிக்கிறவரின் பாதி முகம். உத்தரத்தில் எரியும் டியூப்லைட். நம் கண் ஒரு படத்துக்குள் நுழைந்ததும் சட்டென்று ஓடுவது மிக வெளிச்சமான இடத்துக்கு. முகங்களுக்கும். எழுத்து இருந்தால் அதை விடவே விடாது; படிக்கத் தெரிந்தவனால் போர்டைப் படிக்காமல் இருக்க முடியாது. ஆக, டீயையும் ஆவியையும் பார்க்க வந்தவனை அந்த மஞ்சள் போர்டு முதல் ஆளாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

"அதை எரேஸ் பண்ணிரவா?" என்றாள். விரல் ஏற்கெனவே அந்தக் கருவிக்குப் போய்விட்டது. தடுத்தேன். அழிக்கலாம், இப்போது போனே அழித்துக் கொடுக்கிறது. ஆனால் கடையில் நிற்கும்போது இரண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்திருந்தால் பாய்லர் அந்தப் போர்டை மறைத்திருக்கும். பழகுகிற காலத்தில் காலால் செய்ய முடிந்ததை விரலால் செய்யக் கூடாது. அழித்துப் பழகினால் அடுத்த தடவையும் அதே இடத்தில்தான் நிற்போம். தெருவிலிருப்பதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு இதுதான் தெரு என்று காட்டுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம் என்பதும் உண்டு. பத்திரிகைப் படத்துக்கு அது அறவே கூடாது. முகத்தில் வந்த பருவை நீக்கு, நாளைக்கு அதுவே போய்விடும். மின்கம்பியை விட்டுவிடு, அது அந்தத் தெருவோடது.

படத்தின் கட்டமைப்பு பற்றி எல்லோரும் முதலில் சொல்வது மூன்றில் ஒரு பங்கு விதி. போனில் கிரிட் போட்டால் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடு வரும். முக்கியமானதை அந்தக் கோட்டிலோ, கோடுகள் வெட்டும் புள்ளியிலோ வை என்பார்கள். இதற்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். 1797இல், புகைப்படமே பிறக்காத காலத்தில், கிராமப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய நூலில் எழுதினார். நல்ல விதிதான். எல்லாவற்றையும் நட்டநடுவில் வைக்கும் பழக்கத்திலிருந்து நம்மைக் கிளப்பிவிடும். ஆனால் திருமலை நாயக்கர் மஹாலில் போய் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் சரிசமமாக ஓடும் அந்தப் பெருந்தூண்களை ஓரத்துக்குத் தள்ளினால் அந்த இடத்தின் கம்பீரமே போய்விடும். இராமேசுவரம் பிராகாரமும் அப்படித்தான். அங்கெல்லாம் நடு அச்சில் நேராக நிற்க வேண்டும், கேமரா ஒரு நூல்கூடச் சாயக் கூடாது.

எனக்கு இந்த விஷயத்தில் விதியைவிட நம் பழைய இலக்கணம் அதிகம் உதவியிருக்கிறது. அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ளவை: மரம், பறவை, பறை, தொழில். உரிப்பொருள் மனசுக்குள் நடப்பது. ஒரு படத்தை எடுக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்த இடம், எந்த நேரத்து வெளிச்சம்? என்னென்ன பொருள் உள்ளே? என்ன உணர்வு? பச்சை வாளி கருப்பொருளா என்றால், ஆமாம், டீக்கடையில் டம்ளர் கழுவுகிற வாளி அது. இருக்கட்டும். மொபைல் கடைப் போர்டு இல்லை.

இரண்டாவது டீ வந்தது. எடிட்டிங்குக்கு வந்தோம்.

"எடிட் பண்ணாத படம்தான் ஒரிஜினல்னு என் ஃப்ரெண்டு சொல்றா மாமா. எடிட் பண்ணா அது ஏமாத்துறதாம்."

நம் மதுரையிலேயே படத்தின் மீது தூரிகை பட்டு நூற்றறுபது வருஷத்துக்கு மேலாகிறது என்று சொன்னேன். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர், 1858இல் இங்கே வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மஹாலையும் எடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அப்போது நெகட்டிவ், ஓரடிக்கு மேல் நீளம். அந்தக் காகிதத்தில் பூசிய ரசாயனம் நீல ஒளிக்குச் சட்டென்று கறுத்துவிடும். அதனால் பிரிண்ட் போட்டால் வானம் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். கண்ணால் கண்ட வானம் அப்படியில்லை. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மீது வண்ணம் தொட்டு மேகங்களைத் தீட்டினார், மரத்து இலைகளுக்குத் தெளிவு கொடுத்தார். இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கும் மதுரையின் பழைய படங்கள் இவை. மேகம் தீட்டியது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் கேமரா பார்ப்பது வேறு, கண் பார்ப்பது வேறு, நடுவில் ஒரு கை தேவைப்படுகிறது என்பது அன்றே தெரிந்த சங்கதி.

அந்தக் கை எனக்குப் பழக்கம். பதினெட்டு வயசில் ஒரு ஸ்டுடியோ டார்க் ரூமில் எடுபிடியாக இருந்தேன். சிவப்பு பல்பு, ஹைப்போ நெடி, தட்டுத் தட்டாக ரசாயனம். என்லார்ஜருக்குக் கீழே பேப்பரை வைத்து வெளிச்சம் காட்டும்போது, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பிறகு கறுப்பாகும். கல்யாணப் பெண்ணின் முகம் நிழலில் விழுந்திருந்தால், சைக்கிள் ஸ்போக் கம்பி நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி, அந்த முகத்துக்கு மேலே மட்டும் இரண்டு மூன்று விநாடி பிடிப்போம். அங்கே வெளிச்சம் குறையும், முகம் தெளியும். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; ஒரு விநாடி நின்றாலும் வட்டம் வட்டமாகத் தடம் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். இது டாட்ஜ். வெள்ளையடித்துப் போன வேட்டியிலோ வானத்திலோ விவரம் வேண்டுமென்றால் தலைகீழ்: இரண்டு உள்ளங்கையையும் குவித்து நடுவில் ஓட்டை விட்டு அதன் வழியாக அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம். அது பர்ன்.

அவள் லேப்டாப்பில் ஃபோட்டோஷாப்பைத் திறக்கச் சொன்னேன். கருவிப் பட்டையில் டாட்ஜ் என்பதற்கு என்ன படம்? குச்சி நுனியில் ஒரு வட்டம். பர்னுக்கு? குவித்த கை. அவள் அதை ஏதோ லாலிபாப் என்று நினைத்திருந்தாள். அந்த மென்பொருளின் ஆரம்ப காலத்தில் டார்க் ரூம் ஆட்களுக்குப் புரியும்படி வரைந்த சின்னங்கள் வழிவழியாக வந்து நிற்கின்றன. என் சைக்கிள் ஸ்போக்தான் அது. போனில் ஸ்னாப்சீட் மாதிரிச் செயலிகளிலும் பிரஷ் என்ற கருவிக்குள் இதே இரண்டும் இருக்கின்றன.

ஆன்செல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர் 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழுவதை எடுத்தார். ஒரே ஒரு நெகட்டிவ். அதிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு, நிலா தனியாகத் தொங்கும். அதே நெகட்டிவ்தான். அந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்ற முடிவுதான் வருஷத்துக்கு வருஷம் அவருக்குள் உறுதியாகிக்கொண்டே போயிருக்கிறது.

சரி, நம் படம். முதலில் நேராக்கினோம், கடை உத்தரம் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. அடுத்து கிராப். வலது பக்கம் போர்டு முழுசாக வெளியே போகும்வரை வெட்டியதில் படம் நெட்டையானது. டீ இறங்குகிற கோடும் நெட்டுக்குத்தானே, இரண்டும் ஒத்துப்போயின.

பிறகு வெளிச்சம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படி. 0 என்றால் ஒன்றுமே இல்லாத கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. மாஸ்டரின் வெள்ளை பனியன் தோளில் வெயில் பட்ட இடம் 255இல் முட்டி நின்றது. அங்கே துணியின் மடிப்பே பதிவாகவில்லை; ஹைலைட்ஸை எவ்வளவு குறைத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர மடிப்பு திரும்பாது. இருட்டுப் பக்கம் அப்படியில்லை, புள்ளி புள்ளியாகச் சிதறினாலும் கொஞ்சம் மீட்கலாம். ஆகவே எடுக்கும்போதே வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டு எடுப்பது நல்லது. கேமராவில் ரா ஃபைலாக எடுத்தால் 12 பிட்டுக்கு 4,096 படி, 14 பிட்டுக்கு 16,384 படி. கை வைக்க இடம் நிறைய.

கேமராவின் அளவுமானிக்கு ஒரு மூட நம்பிக்கை உண்டு: உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் என்று. அதனால்தான் வெள்ளை வேட்டிக் கூட்டத்தை எடுத்தால் அழுக்காக வருகிறது, கோயில் யானையை நெருக்கமாக எடுத்தால் வெளிறிப்போகிறது. வேட்டிக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும், யானைக்குக் குறைக்க வேண்டும். நினைப்பதற்கு நேர்மாறு, இரண்டு மாதத்தில் கைக்குப் பழகிவிடும்.

ஹைலைட்ஸ் கொஞ்சம் இறக்கினோம். ஷேடோஸை ஏற்றவில்லை, இன்னும் பத்துப் புள்ளி இறக்கினோம். பிஸ்கட் பாக்கெட்டுகள் இருட்டுக்குள் போயின. அடுத்து, ஆவிக்கு மேலே மட்டும் ஒரு புள்ளி வைத்து அந்த இடத்தில் மாத்திரம் கான்ட்ராஸ்டைக் கூட்டினோம். ஸ்னாப்சீட்டில் செலக்டிவ் என்ற கருவி இதற்குத்தான். நூல் நூலாக எழுந்தது. "ஐயோ மாமா" என்றாள்.

நிறத்தில்தான் மாட்டினோம். சந்து வெயில் இளமஞ்சள், டியூப்லைட் லேசான பச்சை. மஞ்சளைச் சரிசெய்தால் பச்சை முன்னுக்கு வந்தது, பச்சையை அடக்கினால் வெயில் செத்தது. இரண்டு வகை வெளிச்சம் கலந்த இடத்தை ஒற்றை இழுப்பில் சரிசெய்ய முடியாது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள்: எண்ணெய் விளக்கு 2,000 பக்கம், குண்டு பல்பு 2,800 பக்கம், நடுப்பகல் வெயில் 5,500. வெள்ளையை வெள்ளையாக்குவதே எப்போதும் நோக்கம் என்றும் இல்லை. கார்த்திகை அகல் வரிசையை எடுத்துவிட்டு அந்த மஞ்சளைக் கழுவி வெள்ளையாக்கினால் அது தீபமா, சீரியல் பல்பா?

நிறம் என்று வந்ததால் ஒன்றை அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன். மாஸ்டர் நல்ல கறுப்பு. அவள் எடிட் செய்ததில் முகத்தை வெளுக்க வைத்திருந்தாள், அறியாமல் அல்ல, அழகாக இருக்கட்டும் என்று. ஸ்டுடியோ காலத்தில் எத்தனை பெண்கள் "கொஞ்சம் கலரா எடுங்கண்ணே" என்று கூச்சத்தோடு கேட்டிருக்கிறார்கள். நாங்களும் நெகட்டிவ் மீது பென்சில் டச் செய்து வெளுக்க வைத்துக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கூச்சத்துக்கு நாங்களும் துணைபோனோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம்தான். ஷர்லி கார்டு என்பார்கள். தோல் என்றால் அதுதான் என்று இயந்திரமே அளவு வைத்திருந்தது. கறுத்த தோலின் அழகு வெளுப்பில் இல்லை, மினுப்பில் இருக்கிறது. கன்னமேட்டில், நெற்றியில், வியர்வை பட்ட புஜத்தில் வெளிச்சம் வழுக்கும் அந்த இடங்களைக் காப்பாற்று; மிச்சத்தை ஆழமாகவே விடு. மாஸ்டர் முகத்தில் வெளுப்பை எடுத்ததும் கண் இரண்டும் உயிர்பெற்றன.

மற்ற எஃபெக்டுகளை மூன்றாவது டீயில் வேகமாகக் கடந்தோம். விக்னெட் ஓரங்களை இருட்டாக்கும். போட்டது தெரியாத அளவுக்குப் போடலாம். போர்ட்ரெய்ட் மோட் பின்புறத்தைக் கலங்கலாக்குவது கணக்குப் போட்டு; மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் பறக்கும் முடியையும் அடிக்கடி சேர்த்து வெட்டிவிடும், பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நிறம் போய் அழுத்தம் மட்டும் மிஞ்சும். வாழை இலை முன்னால் நிற்கும் சிவப்புச் சேலை, கலரில் அவ்வளவு எடுப்பாக இருந்தது, ஒரே சாம்பலாக இலையோடு ஒட்டிக்கொள்ளலாம். சிவப்பு ஃபில்டரைத் தட்டினால் சேலை வெளிறி இலை கறுக்கும், இரண்டும் பிரிந்துவிடும். கூர்மையாக்குவதைக் கடைசியில் செய், அதுவும் சிக்கனமாக.

ராத்திரி படுத்துக்கொண்டு, திரை வெளிச்சத்தை முழுக்க வைத்து எடிட் செய்யாதே என்றும் சொன்னேன். எல்லாம் பிரகாசமாகத் தெரியும். லேபில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் இருண்டு கிடக்கும். மாதத்துக்கு ஐந்து படமாவது பிரிண்ட் போடு. ஒரிஜினலை எந்தக் காலத்திலும் அழிக்காதே.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். அதே கடை, அதே ஏழு மணி. மாஸ்டரிடம் பிரிண்டைக் கொடுத்து, டியூப்லைட்டை அஞ்சு நிமிஷம் அணைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இரண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்ததில் போர்டு பாய்லருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பனியனில் மடிப்பு இருந்தது. ஆவி இருந்தது. ஹைலைட்ஸ் மட்டும் கொஞ்சம் இறக்கினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை என்றாள். ஆனால் மேலே குவளையின் விளிம்பு படச் சட்டத்தில் வெட்டுப்பட்டிருந்தது. டீ எங்கிருந்து கிளம்புகிறது என்பதே தெரியவில்லை.

"ஓரடி பின்னால போய் எடு தாயி."

"பின்னால போனா போர்டு மறுபடியும் உள்ள வந்துருது மாமா. பாத்துட்டேன்."

"அப்ப பெஞ்சுல உக்காந்துக்கிட்டு எடு."

போனை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். மணி ஏழு இருபது. வெயில் இன்னும் சந்துக்குள்தான் இருந்தது.